ஐயம் வளர்ந்த வரலாறு – 7: கற்பலகையில் எழுதிய ஆவி

நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில், 1848-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி இரவு, பாக்ஸ் குடும்பத்துச் சிறுமியர் இருவர் படுத்திருந்த அறையில் கேட்ட தட்டொலி, சில ஆண்டுகளுக்குள் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, லண்டன் சீமான்களின் விருந்துக் கூடங்களிலிருந்த வட்ட மேஜைகளையெல்லாம் சுழலச் செய்த விந்தையைச் சென்ற இதழில் கண்டோம். அம்மேஜைகளைச் சுழற்றுவது பேயும் அன்று, மின்சாரமும் அன்று, அவற்றின்மேல் கை வைத்திருந்த மனிதர்களே என்பதை, 1853-இல் மைக்கேல் பாரடே, இரண்டு மெல்லிய பலகைகளையும், அவற்றினிடையே உருளும் கண்ணாடிக் கோல்களையும், வைக்கோல் துரும்பாலான ஒரு சுட்டுமுள்ளையும் கொண்டு நிரூபித்ததையும் கண்டோம். தங்கள் கை எப்பக்கம் தள்ளுகிறது என்பதை அந்த முள் காட்டிக்கொடுக்கக் கண்டதும், அதுகாறும் தாமறியாமலே தள்ளிக்கொண்டிருந்தவர்களின் கைகள் ஓய்ந்தன; மேஜையும் நின்றது. விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு, பாமர ஜனங்கள் விஞ்ஞானத்தைப் பொருட்படுத்தாததே காரணம் என்று பலர் எளிதாக விடை சொல்லிவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது என்பது என் கருத்து. சாமுவேல் மோர்ஸ் என்பவர் வாஷிங்டன் நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள பால்டிமோருக்குக் கம்பி வழியே முதற் செய்தியை அனுப்பியது 1844-ஆம் ஆண்டு மே மாதத்தில். ஹைட்ஸ்வில் வீட்டில் தட்டொலி கேட்டது அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின். கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி, குரலோ முகமோ இல்லாமல், வெறும் சங்கேதக் குறிகளின் மூலமாக ஓர் ஊரிலிருப்பவனின் எண்ணத்தை மற்றோர் ஊரிலிருப்பவனுக்குச் சேர்ப்பிக்கும் என்பதைத் தன் கண்ணாலேயே கண்டுவிட்ட ஒரு தலைமுறைக்கு, அதே வகைச் சங்கேதத்தால் மறுமையிலிருந்தும் செய்தி வரலாம் என்று தோன்றியதில் வியப்பென்ன? நியூயார்க்கில் 1852-இல் தொடங்கப்பட்ட ஆவிவாதிகளின் பத்திரிகைக்கு 'ஸ்பிரிச்சுவல் டெலிகிராப்' என்றே பெயரிட்டார்கள். அவர்கள் விஞ்ஞானத்தின்மேல் கொண்டிருந்தது அவமதிப்பன்று. அதனால் ஆகாதது எதுவுமில்லை என்ற அளவிறந்த பக்தி.

அந்தப் பக்தி பாமரரோடு நிற்கவுமில்லை. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் நெடுங்காலம் ரசாயனம் போதித்தவரும், ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கூட்டி எரிக்கும் ஊதுகுழலைக் கண்டுபிடித்துக் கீர்த்தி பெற்றவருமான ராபர்ட் ஹேர், ஆவிவாதத்தைப் பொய்யென்று காட்டும் நோக்கத்துடனே புறப்பட்டு, அதற்கென்று கருவிகளும் செய்து, ஈற்றில் தாமே அதற்கு அடிமையாகி, 1855-இல் அதை நிலைநாட்டி ஒரு பெரு நூலும் எழுதினார். தாலியம் என்ற மூலகத்தை 1861-இல் கண்டறிந்த வில்லியம் குருக்ஸ், பிளாரன்ஸ் குக் என்ற இளம் பெண் மயங்கிக் கிடக்கையில் வெளித்தோன்றியதாகச் சொல்லப்பட்ட 'கேட்டி கிங்' என்னும் ஆவியோடு கைகோத்து உலாவி, அதைப் புகைப்படமும் பிடித்தார். அப்பெண்ணின் உடலோடு மின்கம்பியைப் பிணைத்து, அவள் நாற்காலியை விட்டு எழுகிறாளா என்பதைக் கருவியில் பார்க்கும் சோதனையை 1874-இல் செய்தவர் யார் என்றால், அட்லாண்டிக் கடலடித் தந்திக்குப் பொறியியல் வல்லுநராக விளங்கிய கிராம்வெல் வார்லி என்பவரே. அவரும் ஆவிகளில் நம்பிக்கையுடையவர்.

இவர்கள் மூடர்களல்லர். ஆயினும் இவர்கள் வாழ்நாளெல்லாம் பழகிய பொருள்களுக்கு வஞ்சனை தெரியாது. குருக்ஸ் தராசிலிட்ட தாலியம், அவர் வேறுபக்கம் திரும்பும் சமயம் பார்த்துத் தன் எடையை மாற்றிக்கொண்டதில்லை. வார்லி கடலுக்கடியில் இட்ட கம்பி, பிழையாகச் செய்தி தந்ததுண்டேயன்றி வேண்டுமென்று பொய் சொன்னதில்லை. இயற்கையின் இரகசியத்தைக் கறந்தெடுக்கப் பழகிய கண்ணுக்கு, எதிரில் அமர்ந்திருக்கும் மனிதனின் இடக்கைச் சுண்டுவிரல் என்ன செய்கிறது என்று பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடுவதில்லை. அந்தப் பழக்கத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் வேறொரு கூட்டத்தார். அவர்களைப் பேராசிரியர்கள் தமக்குச் சமமாக வைத்து எண்ணவேயில்லை.

அவர்களுள் தலையானவர் செல்டன்ஹாம் என்ற ஊரில் கடிகாரத் தொழில் பயின்றுகொண்டிருந்த ஜான் நெவில் மாஸ்கலின். அமெரிக்காவிலிருந்து வந்த டேவன்போர்ட் சகோதரர் இருவர், கைகால்களைக் கயிற்றால் கட்டுவித்துக்கொண்டு ஒரு மர அலமாரிக்குள் அமர்வதும், கதவைச் சாத்தியவுடன் உள்ளே மணியும் வாத்தியங்களும் ஒலிப்பதும், திறந்து பார்த்தால் கட்டு அவிழாமல் இருப்பதுமான காட்சியை இங்கிலாந்து முழுவதும் நடத்திவந்தார்கள். 1865-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லிவர்பூல் நகரத்து ஜனங்கள், அவிழ்க்கவொண்ணாத முடிச்சொன்றைப் போட வல்லவர்களை மேடைமேல் ஏற்றவே, சகோதரர்கள் கட்டுக்கு உடன்பட மறுத்தார்கள். கூட்டம் பொங்கியெழுந்து அலமாரியை உடைத்துத் தள்ளியது. மறு மாதம் செல்டன்ஹாமில் பகற்பொழுதில் நடந்த காட்சியின்போது, சாளரத்தை மறைத்திருந்த திரை சற்றே நழுவ, உள்ளே விழுந்த வெளிச்சத்தில், கட்டுண்டிருக்க வேண்டிய சகோதரர்களுள் ஒருவர் தம் கையாலேயே வாத்தியங்களை வெளியே எறிவதை மாஸ்கலின் கண்டுவிட்டார்.

அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை. வீடு சென்று, குக் என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டு, அலமாரி ஒன்று செய்து, கட்டுகளை அவிழ்க்கவும் மீண்டும் பூட்டிக்கொள்ளவும் பயின்று, மூன்றே மாதத்தில், ஆவிகள் இருளில் செய்ததையெல்லாம் பட்டப்பகலில் செய்து காட்டினார். 1873-ஆம் ஆண்டில் லண்டன் பிக்கடில்லி வீதியிலிருந்த எகிப்திய மண்டபத்தில் அவ்விருவரும் குடியேறினர். முப்பதாண்டு காலம் அங்கே ஆவிகள் வந்தன, தட்டின, பறந்தன. அவையனைத்தும் மனிதர் செயலே என்ற அறிவிப்புடன் வந்தன. குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சென்று கண்டுகளித்தனர். பாரடேயின் கண்ணாடிக் கோல்களைப் பற்றிக் கேள்விப்பட்டிராத குமாஸ்தாவும் கடைக்காரரும், 'எப்படிச் செய்கிறானோ தெரியவில்லை. ஆனால் கையால்தான் செய்கிறான்' என்று எண்ணும் பயிற்சியை அங்கேதான் பெற்றார்கள். தெரியாதது ஒன்றுண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக ஆவியைத் துணைக்கு அழைக்காமலிருக்கும் மனநிலை அது, எளிதில் வருவதன்று.

இந்த இரு உலகங்களும், அதாவது பேராசிரியர் உலகமும் ஜாலவித்தை உலகமும், நேருக்கு நேர் ஒரே கூண்டருகில் நின்றது 1876-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், லண்டன் பௌ வீதிப் போலீஸ் கோர்ட்டில்.

அவ்வாண்டு ஜூலையில் லண்டனுக்கு வந்திறங்கிய ஹென்றி ஸ்லேடு என்ற அமெரிக்கர், ரஸ்ஸல் சதுக்கத்துக்கு அருகில் ஒரு வீட்டை அமர்த்திக்கொண்டு, அமர்வு ஒன்றுக்கு இருபது ஷில்லிங் பெற்று, ஆவிகளைக் கொண்டு எழுதுவித்து வந்தார். நம்மூர்ப் பிள்ளைகள் முன்பு பள்ளிக்கு எடுத்துச் சென்றது போன்ற கற்பலகையின்மேல் சிறு பலப்பத் துண்டொன்றை வைத்து, பலகையை ஒரு கையால் மேஜையின் அடிப்புறத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்; மறு கை வந்தவரின் கையோடு மேஜைமேல் இருக்கும். சற்று நேரத்தில் பலப்பம் கீறும் ஓசை கேட்கும். வெளியே எடுத்தால் வந்தவரின் கேள்விக்கு விடை இருக்கும். எழுதுவது காலஞ்சென்ற தம் மனைவி ஆலியின் ஆவி என்பது ஸ்லேடின் கூற்று. எத்தனையோ பேர் மனமுருகி வெளியே வந்தார்கள். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. இருபது ஷில்லிங் கொடுத்து வந்தவருள் பலர் பிள்ளையைப் பறிகொடுத்தவராகவோ துணையை இழந்தவராகவோ இருந்திருப்பர்.

லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் பிராணி சாஸ்திரப் பேராசிரியராயிருந்த ரே லாங்கெஸ்டருக்கு அப்போது வயது இருபத்தொன்பது. பிராணி சாஸ்திர அறிஞர் ஹக்ஸ்லியின் சீடர், குருவைப் போலவே போர்க்குணம் வாய்த்தவர். செப்டம்பரில் ஒருமுறை நம்பிக்கை கொண்டவர்போல் நடித்து அமர்ந்து கவனித்த அவர், ஆவி எழுதத் தொடங்குமுன்பே எழுத்து பலகையில் ஏறிவிடுகிறது என்று ஊகித்தார். சில நாள் கழித்து டாங்கின் என்ற வைத்தியரையும் உடன் கூட்டிக்கொண்டு போய், பலகை மேஜைக்கடியில் போய் எழுத்து இன்னும் ஆரம்பமாகவில்லை என்று சொல்லப்பட்ட தருணத்தில், சடக்கென்று அதைப் பிடுங்கினார். விடை அதில் எழுதியிருந்தது. மறுநாள் டைம்ஸ் பத்திரிகையில் அவருடைய கடிதம். அடுத்த மாதம் வழக்கு.

வழக்குத் தொடர்ந்தது எந்தச் சட்டத்தின்கீழ் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வீதியில் திரியும் பிச்சைக்காரரையும் குறி சொல்லிக் காசு பறிக்கும் நாடோடிகளையும் பிடித்தடைப்பதற்காக 1824-இல் இயற்றப்பட்ட சட்டம் அது. பிரபஞ்சத்தின் இயல்பு பற்றிய ஒரு மகத்தான பிரச்சினை, இவ்வாறு, வம்பர்களும் குடிகாரர்களும் வந்துபோகும் ஒரு சில்லறைக் கோர்ட்டின் வாயிலில் வந்து நின்றது. ஜனங்கள் இடம் கொள்ளாமல் நெருங்கினார்கள். பத்திரிகைகள் சாட்சியம் முழுவதையும் பத்தி பத்தியாக அச்சிட்டன. ஆவிவாதிகளின் தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் யார் தெரியுமா? டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையைக் கண்டவரான ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். ஸ்லேடு நேர்மையானவர் என்றே தாம் கருதுவதாக, ஏழை எளியவரிடத்தும் பொய் கூறியறியாத அம்மகான் பிரமாண பூர்வமாகச் சொன்னார். எதிர்த் தரப்பில் எகிப்திய மண்டபத்து மாஸ்கலின் வந்து, பலகையில் அவ்வாறு எழுத்தை வரவழைப்பது கைத்தேர்ச்சியால் ஆகக்கூடியதே என்று விளக்கினார். ஒரு பெரும் விஞ்ஞானி ஏமாற்றுக்காரனுக்காகவும், ஒரு ஜாலவித்தைக்காரர் விஞ்ஞானத்துக்காகவும் சாட்சி சொன்ன அந்நாளை ஐயத்தின் வரலாற்றில் தலையாய நாட்களுள் ஒன்றாக நான் வைப்பேன்.

டார்வின் கோர்ட்டுக்கு வரவில்லை. ஆயினும் வழக்கின் செலவுக்கென்று லாங்கெஸ்டருக்கு இரகசியமாகப் பத்துப் பவுன் அனுப்பிவைத்தார். 1874 ஜனவரியில் தம் தமையனார் எராஸ்மஸின் இல்லத்தில் நடந்த ஓர் அமர்வுக்குச் சென்று, புழுக்கமும் களைப்பும் தாளாமல், அற்புதங்கள் தொடங்குமுன்னே மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டவர் அவர். பின்னர் அந்த அமர்வை நடத்திய மீடியத்தை, அதாவது ஆவிகளுக்கும் மனிதருக்கும் இடையாளாகத் தன்னைச் சொல்லிக்கொண்டவரை, ஹக்ஸ்லி சென்று பார்த்து, ஏமாற்றே என்று அவருக்கு எழுதினார். வாலஸின் மனம் நோகக்கூடாதென்பதற்காகவே அந்தப் பத்துப் பவுன் இரகசியமாகச் சென்றிருக்கலாம். இவ்விருவர் நட்பு இதனால் முறியவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாலஸ் வறுமையில் வாடிய காலத்தில், ஆவிவாதியான அவருக்கு உபகாரச் சம்பளம் கேட்பதா என்று தாவர சாஸ்திரி ஹூக்கர் முதலில் தடை சொன்னபோதும், டார்வின் விடாது முயன்று, ஹக்ஸ்லியின் துணையோடு, 1881-இல் ஆண்டுக்கு 200 பவுன் கிடைக்கச் செய்தார்.

மாஜிஸ்திரேட் பிளவர்ஸ், மறுமையுலகைப் பற்றித் தாம் தீர்ப்பளிக்க முடியாதென்றும், இயற்கையின் வழக்கமான போக்கை ஒட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறதென்றும் கூறி, ஸ்லேடுக்குக் கடுங்காவலுடன் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தார். தத்துவ சாஸ்திரிகள் பலர் பல நூல்களில் கூறியதைவிட இது தெளிவான வாசகம் என்பது என் எண்ணம். ஆனால் தண்டனை நிறைவேறவில்லை. 1877 ஜனவரியில் அப்பீல் கோர்ட்டார், சட்டத்தில் கண்ட 'கைரேகையாலோ வேறு வகையாலோ' என்ற சொற்கள் தீர்ப்பில் விடுபட்டுப் போயின என்ற ஒரே காரணத்தால் அதைத் தள்ளிவிட்டார்கள். லாங்கெஸ்டர் மீண்டும் வழக்குத் தொடுப்பதற்குள் ஸ்லேடு கடல் கடந்து ஐரோப்பாக் கண்டத்துக்குப் போய்விட்டார்.

போன இடத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு சாமானியமானதன்று. லைப்சிக் நகரத்து வான சாஸ்திரப் பேராசிரியர் ஸோல்னர், இரு முனைகளும் முத்திரையிடப்பட்ட கயிற்றில் ஸ்லேடின் முன்னிலையில் முடிச்சுகள் விழக் கண்டு, நம் உலகுக்கு நாலாவது பரிமாணம் ஒன்று உண்டென்பதற்கு இதுவே சான்று என்று நூல் எழுதினார். அதே அமர்வுகளில் ஒன்றைக் கண்ட மனோதத்துவ நிபுணர் வுண்ட் மட்டும் நம்ப மறுத்தார். ஆண்டுகள் சில கழித்து அமெரிக்காவில், பென்ஸில்வேனியா சர்வகலாசாலை நியமித்த ஸேபர்ட் குழுவினர் ஸ்லேடைச் சோதித்து, அவர் செய்வது தந்திரமே என்று 1887-இல் அறிக்கை வெளியிட்டனர். ஸோல்னர் செய்யாத ஒன்றை அவர்கள் செய்தார்கள்: கெல்லர் என்ற பிரசித்தி பெற்ற ஜாலவித்தைக்காரரை அழைத்துத் தங்கள்முன் பலகை எழுத்தைச் செய்து காட்டச் சொன்னார்கள். வித்தைதான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும், அவர் எப்படிச் செய்தார் என்பதை அக்குழுவினரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்ணால் கண்ட சாட்சியின் விலை என்ன என்ற கேள்வி இதனால் எழுந்தது. அதற்கு விடை தேடியவர் டேவி என்ற இளைஞர். எக்ளிண்டன் என்ற மற்றொரு பலகை எழுத்து மீடியத்தை முதலில் நம்பி, பின் ஐயுற்ற அவர், அந்த வித்தையைத் தாமே கற்றுத் தேர்ந்து, பெயரை மாற்றிக்கொண்டு, கற்றறிந்த பலரைத் தம் அமர்வுக்கு அழைத்து, கண்டதை உடனே எழுதித்தரும்படி கேட்டுக்கொண்டார். எழுதித் தந்தார்கள். நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையிலிருந்த தூரம் திகைக்கச் செய்வது. மேஜைமேல் அநாதையாகச் சற்று நேரம் கிடந்த பலகையைத் தாம் கையை விட்டு எடுக்கவேயில்லை என்று எழுதினார்கள். டேவி அறையை விட்டு வெளியே போய் வந்ததை மறந்தே போனார்கள். முன்னே நடந்ததைப் பின்னாகவும் பின்னே நடந்ததை முன்னாகவும் வைத்தார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. எது முக்கியமோ அதைக் கவனிக்காமலிருக்கும்படி அவர்கள் செய்யப்பட்டிருந்தார்கள், அவ்வளவே. இந்த அறிக்கை 1887-இல் லண்டன் சைக்கிக்கல் ரிஸர்ச் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. வாலஸ் அப்போதும் இணங்கவில்லை. டேவி காட்டியவை முழுவதும் எவ்வாறு செய்யப்பட்டன என்று விளக்கப்படாத வரையில், அவரும் தம்மை மறைத்துக்கொள்ளும் ஒரு மீடியமே என்று கருதுவோம் என எழுதினார். மாஸ்கலினைப் பற்றியும் ஆவிவாதிகளில் சிலர் முன்பே இப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

இவ்வழக்கால் ஆவிவாதம் அழிந்ததா என்றால், இல்லை. அழிந்தது ஒரு மரியாதை: மீடியத்தின் அறைக்குள் சென்றவன் வாயை மூடிக்கொண்டு, காட்டியதைப் பார்த்து, கேட்டதைக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்ற மரியாதை. 1876-க்குப் பின் 'பலகையைப் பிடுங்கிப் பார்' என்பது சாதாரண மனிதனுக்கும் தோன்றக்கூடிய எண்ணமாயிற்று. அதை அவனுக்குக் கற்பித்ததில் லாங்கெஸ்டரின் துணிவுக்கு ஒரு பங்கு உண்டென்றால், எகிப்திய மண்டபத்துக்கு மூன்று பங்கு உண்டு. சந்தேகிப்பது சந்தோஷமான காரியம் என்பதைப் பேராசிரியர் எவரும் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. டிக்கெட்டு விற்று அதைச் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்கலின்.

இனி, நம் நாட்டுக்கு இக்கதையோடு உள்ள உறவைச் சொல்ல வேண்டும். ஸ்லேடு லண்டனில் இறங்கியது வழிப்போக்கராகத்தான். அவர் போய்ச்சேர வேண்டிய இடம் அக்கால ரஷ்யாவின் தலைநகர். அங்கே ஆராய்ச்சி செய்ய விரும்பியவர்கள் தக்கதொரு மீடியத்தைப் பொறுக்கியனுப்பும்படி நியூயார்க்கிலிருந்த இருவரை வேண்ட, அவர்கள் பல பேரைச் சோதித்து ஸ்லேடைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்விருவர் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும். 1875-இல் நியூயார்க்கில் தியாஸாபிகல் சங்கத்தை நிறுவி, 1879-இல் பம்பாய்க்கு வந்து, 1882-ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றங்கரையில் அதன் தலைமை நிலையத்தை அமைத்தவர்கள். அங்கேயும் எழுத்துகள் வந்தன, கற்பலகையிலன்று, கடிதங்களாக. டேவியின் சோதனைகளுக்கு முன்னுரை எழுதி அவற்றை ஆராய்ந்த ரிச்சர்டு ஹாட்ஜ்சன், அவற்றுக்கு முன்பே, 1884-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அந்தக் கடிதங்களை விசாரிப்பதற்காகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவர் அடையாறில் கண்டதை அடுத்த இதழில் காண்போம்.